தோட்டம் என்றோம், காணி என்று சொல்லவில்லை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோரிலிருந்து தெலுக் இந்தான் போகும் சாலையில் இன்று இருபுறமும் செம்பனைதான். இந்த வட்டாரத்தில் வயதானவர் ஒருவரிடம் எஸ்டேட் என்றால் என்ன என்று கேட்டால், யோசிக்காமல் "தோட்டம்" என்பார். பால்மரமும் லயமும் பெரட்டுக்களமும் மாரியம்மன் கோயிலும் சேர்ந்ததுதான் அவருக்கு எஸ்டேட். அதே மனிதர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயரில் ஒரு சிறிய மலிவுவிலை வீடு இருக்கிறது, உயில் எழுதவில்லை. பிள்ளைகள் தாப்பாவில் உள்ள மாவட்ட நில அலுவலகத்துக்குப் போனால் அங்கே அவர்கள் கேட்கும் மலாய்ச் சொல் ஹர்த்தா புசாக்கா கெச்சில். அதற்கான ஆங்கிலச் சொல் ஸ்மால் எஸ்டேட். வாழ்நாள் முழுக்க எஸ்டேட்டில் உழைத்தும் அதில் ஒரு பிடி மண்ணுக்குக்கூடச் சொந்தக்காரராக இல்லாதவர், செத்த பிறகு சட்டத்தின் கண்ணில் தமக்கென ஓர் எஸ்டேட் உடையவர் ஆகிவிடுகிறார். "எங்கப்பாவுக்கு ஏது எஸ்டேட்?" என்று பிள்ளைகள் திகைத்தால் அது அவர்களின் அறியாமை இல்லை. ஒரே சொல்லின் ஒரு பொருள் மட்டும் நம் கைக்கு வந்தது. மற்றப் பொருள்கள் துரையின் மேசையிலும் வழக்கறிஞரின் அலமாரியிலும் தங்கிவிட்டன. அந்தப் பொருள்களையும் தமிழில் தனித்தனியே பெயரிட்டு அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் உள்ள ஸ்டேட்டஸ். நிற்றல், நிலை என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளை ஸ்டேட், அதாவது அரசு. இன்னொரு கிளை எஸ்டேட். முதலில் இதற்கு மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஒருவர் வாழ்வில் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைத்தான் அது சொன்னது. திருமண வாழ்வு ஓர் எஸ்டேட், ஆள் ஆன பருவம் ஓர் எஸ்டேட். பிறகு சமுதாயத்தில் ஒருவரின் படிநிலையைக் குறித்தது. பிரான்சில் குருமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாம் எஸ்டேட், மற்ற எல்லாரும் மூன்றாம் எஸ்டேட். 1789 மே மாதம் வெர்சாயில் கூடிய சபைக்கு அதனால்தான் எஸ்டேட்ஸ் ஜெனரல் என்று பெயர். மூன்றாம் எஸ்டேட்டார் தாங்களே நாட்டின் பேரவை என்று அறிவித்ததில்தான் பிரெஞ்சுப் புரட்சி தொடங்கியது. இந்த வரிசையில் நான்காவதாகப் பத்திரிகையாளர்களைச் சேர்த்த சொல்லாட்சியை எட்மண்ட் பர்க்கின் பெயரில் 19ஆம் நூற்றாண்டில் பரப்பியவர் தாமஸ் கார்லைல். தமிழில் நாம் அதை நான்காவது தூண் என்று எழுதிவருகிறோம். சட்டமன்றம், நிர்வாகம், நீதி ஆகிய மூன்று தூண்களுக்கு அடுத்ததாகப் பத்திரிகையை நிறுத்தியபோது அந்தப் பொருளே மாறிவிட்டது. படிநிலை என்ற கருத்து போய், கட்டடத்தைத் தாங்கும் தூண் வந்து நின்றது. இந்தத் தூண் நல்ல உருவகம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் எஸ்டேட் என்ற சொல்லின் உள்ளே இருந்த 'யார் எந்தப் படியில் நிற்கிறார்' என்ற கேள்வி தமிழில் உதிர்ந்துபோனது. இந்த உதிர்வு ஓரிடத்தோடு நிற்கவில்லை.

நிலம் இந்தச் சொல்லுக்குள் நுழைந்த விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் பழைய சட்டப்படி நிலம் முழுதும் மன்னருடையது. குடிமகன் நிலத்தைச் சொந்தமாக வைத்திருப்பதில்லை. நிலத்தின்மேல் அவருக்கு ஒரு 'நிலை', அதாவது ஓர் உரிமை மட்டும் இருக்கும். உயிரோடு இருக்கும்வரை என்றால் அது ஆயுள் எஸ்டேட். வழிவழியாக வாரிசுகளுக்கும் போகும் என்றால் வேறொரு எஸ்டேட். இத்தனை ஆண்டுக்குக் குத்தகை என்றால் அதுவும் ஓர் எஸ்டேட்டே. ஆக, சட்டம் எஸ்டேட் என்று சொன்னது மண்ணை அன்று. மண்ணுக்கும் மனிதருக்கும் இடையிலான உறவை. காலப்போக்கில் உரிமையின் பெயர் உரிமைக்கு உட்பட்ட நிலத்துக்கே ஆகிவந்தது. ஒருவர் இறக்கும்போது விட்டுச்செல்லும் எல்லாச் சொத்துக்கும் ஆனது. கடல் கடந்து மலாயாவுக்கும் இலங்கைக்கும் நீலகிரிக்கும் வந்தபோது ரப்பரும் தேயிலையும் காப்பியும் பயிராகும் பெருநிலத்துக்கு ஆனது. 20ஆம் நூற்றாண்டில் வரிசை வரிசையாகக் கட்டிய குடியிருப்புக்கும், தொழிற்சாலைகள் கூடிய இடத்துக்கும் ஆனது. பின்பக்கம் நீண்டு சாமான் ஏற்ற வசதியான ஒரு வகைக் காருக்குக்கூட இங்கிலாந்தில் அதுவே பெயர். ரியல் எஸ்டேட் என்பதில் உள்ள ரியல் என்ற சொல்லும் பலரை ஏமாற்றுவது. அங்கே அது 'உண்மையான' என்ற பொருளில் வரவில்லை. பொருள் என்று அர்த்தப்படும் லத்தீன் வேரிலிருந்து வந்து, நிலமும் அதோடு ஒட்டியவையும் என்று சட்டத்தில் பொருள்படுவது.

இவற்றுக்கெல்லாம் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. சொத்து, ஆஸ்தி, நிலபுலம், உடைமை, பண்ணை, மிராசு, ஜமீன், பேட்டை, மனை என்று எத்தனையோ உண்டு. ஒவ்வொன்றும் எஸ்டேட்டின் ஒரு முகத்துக்குப் பொருந்தும், இன்னொரு முகத்துக்குப் பொருந்தாது. சென்னை கிண்டியில் 1958இல் தொடங்கியது தொழிற்பேட்டை ஆனது. வணிகம் கூடும் இடத்தைச் சொல்லும் பழைய பேட்டை அங்கே அழகாகப் பொருந்தியது. அம்பத்தூரிலோ அதே வகை இடத்தை மக்கள் எஸ்டேட் என்றே அழைக்கிறார்கள். 1908இல் சென்னை மாகாணத்தில் வந்த எஸ்டேட் நிலச் சட்டத்தில் எஸ்டேட் என்பது பெரும்பாலும் ஜமீன். 1948இல் அந்த எஸ்டேட்டுகளை ஒழித்த சட்டத்தைத் தமிழர்கள் ஜமீன் ஒழிப்புச் சட்டம் என்றே சொன்னார்கள், அது மிகச் சரியான பெயர்ப்பு. திருச்சியிலும் தஞ்சையிலும் சேலத்திலும் வடஆற்காட்டிலும் இருந்து கங்காணியோடு கப்பல் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கி வேறு ஓர் எஸ்டேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆங்கில ஏட்டில் ஜமீனும் எஸ்டேட், ரப்பர்க் காடும் எஸ்டேட். போனவர்களோ இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கவில்லை.

எஸ்டேட்டின் சட்டப் பொருளுக்கு மிக அருகில் வரும் தமிழ்ச் சொல் ஒன்று உண்டு. அது காணி. சோழர் கல்வெட்டுகளில் காணி என்றால் வெறும் நிலம் இல்லை. தலைமுறையாக வரும் உரிமையோடு கூடிய நிலம். காணியாட்சி என்ற தொடர் அந்த உரிமையையே குறித்தது. நிலத்தை மட்டும் இல்லாமல், கோயிலிலும் ஊரிலும் ஒருவருக்குள்ள பணியையும் பங்கையும்கூடக் காணி என்றார்கள். எண்பதில் ஒரு பங்கும் காணி, சுமார் 1.32 ஏக்கர் நில அளவும் காணி. இலங்கைத் தமிழில் இன்றும் காணி என்றால் ஒருவர் பெயரில் உள்ள நிலம். உரிமை, பங்கு, மண் மூன்றும் ஒரே சொல்லில் கூடியிருப்பது ஆங்கிலத்தின் எஸ்டேட்டை அப்படியே ஒத்தது. மிராசு என்பதும் அரபு மொழியில் வாரிசுரிமை என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்து, இதே இடத்தில் அமர்ந்தது. ஆகவே எஸ்டேட்டுக்கு இணையான சொல் தமிழுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பேராக்கின் ரப்பர் எஸ்டேட்டை எந்தத் தமிழரும் காணி என்று அழைக்கவில்லை. பண்ணை என்றும் சொல்லவில்லை. தோட்டம் என்றார்கள்.

இந்தத் தேர்வைத்தான் நாம் நின்று பார்க்க வேண்டும். ஊரில் தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் முருங்கையும் நிற்கும் துண்டு நிலம். கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம், வயலுக்கும் காட்டுக்கும் நடுவில் வைத்து எண்ணப்படுவது. ஒரு குடும்பம் பார்த்துக்கொள்ளக்கூடிய அளவு. அந்தச் சின்னச் சொல்லை ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு நீட்டினார்கள். மலாய்க்காரர்களும் இதே போலத்தான் செய்தார்கள். மலையில் காட்டைத் திருத்தி ஓரிரு பருவம் பயிரிட்டுவிட்டு நகரும் மேட்டு நிலத்துக்கு லாடாங் என்று பெயர். அதுவே இன்று பெருந்தோட்டத்துக்கும் பெயர். மலேசியப் புள்ளிவிவரத் துறை 40 ஹெக்டர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கர், அதற்கு மேற்பட்டதையே எஸ்டேட் என்று கணக்கிடும். அதற்குக் குறைந்தது சிறு தோட்டக்காரர்களுடையது. நிலத்தைத் திருத்தி நட்டு வளர்த்து வேலை செய்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது தோட்டம். பத்திரம் வைத்திருப்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் எஸ்டேட். உரிமை இல்லாத இடத்துக்கு உரிமையைக் குறிக்கும் சொல்லைக் கொடுக்காமல், வேலையையும் வாழ்வையும் குறிக்கும் சொல்லைக் கொடுத்த அந்த மக்களின் மொழியுணர்வு துல்லியமானது.

தோட்டம் என்ற சொல்லைச் சுற்றி அவர்கள் கட்டிய சொற்கூட்டமும் இதையே காட்டுகிறது. விடியும் முன் ஆள்கணக்கு எடுக்க நிற்பது பெரட்டு. ஆங்கிலப் பரேடு தமிழ் வாயில் பெரட்டு ஆனது. வரிசை வீடு என்ற பொருளில் வந்த லைன், லயம் ஆனது. கணக்குப் பார்ப்பவர் கிராணி, வேலை வாங்குபவர் தண்டல், கைக்குழந்தைகளை விட்டுப்போவது ஆயாக்கொட்டகை. ஒருவருக்கு ஒதுக்கிய மரங்கள் நிரை. மரத்தில் மாட்டுவது மங்கு, பால் சுமப்பது காண்டா வாளி. இந்தச் சொற்கள் எல்லாம் வேலையைப் பற்றியவை, ஆட்களின் படிநிலையைப் பற்றியவை. பட்டா, பங்கு, எல்லைக்கல் என்று நிலவுரிமையைப் பற்றிய ஒரு சொல்லும் தோட்டத்து அன்றாடப் பேச்சில் இடம்பிடிக்கவில்லை. பிடிக்க வாய்ப்பும் இல்லை. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது, வேலை போனால் வீடும் போகும். பள்ளிக்கூடம்கூட அப்படித்தான் வந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஆகையால் பள்ளியும் தோட்டத்தின் ஓர் உறுப்பாகி, தோட்டத்தின் பெயரையே சுமந்தது.

எஸ்டேட்டின் மற்றப் பொருள் திடீரென்று வந்து கதவைத் தட்டியது 1950களில். பிரிட்டிஷ் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின, வாங்கியவர்கள் துண்டு துண்டாகக் கூறுபோட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற தொடர் தமிழர் வாயில் அச்சத்தோடு புழங்கிய காலம் அது. 1951 முதல் 1960 வரை நடந்ததைப் பொருளியலறிஞர் உங்கு அஜீஸ் தலைமையிலான குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது. விற்றவர் கண்ணில் கைமாறியது ஒரு சொத்துரிமை. அங்கே வாழ்ந்தவர் கண்ணில் அழிந்தது ஊர், கோயில், பள்ளி, பிழைப்பு. இருவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள், பேசிய பொருள் வேறு. இந்த இடைவெளியைச் சரியாகக் கண்டவர் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். 1960இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்களிடமிருந்து மாதம் 10 வெள்ளி தவணையாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பால்மரம் சீவியவர் அந்தத் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார். தோட்டமும் காணியும் ஓர் இடத்தில் ஒன்று சேர்ந்த அரிய நிகழ்ச்சி அது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் விளக்கியது சாராம்சத்தில் எஸ்டேட் என்ற சொல்லின் மறைந்திருந்த பொருளைத்தான்.

பெரும்பாலான தோட்டங்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஊருக்கு அருகில் இருந்த நிலங்கள் வீட்டுமனைகளாயின. ஆங்கிலத்தில் இந்த மாற்றத்தை எழுதிப்பார்த்தால் வியப்பாக இருக்கும். ரப்பர் எஸ்டேட்டை ரியல் எஸ்டேட்காரர் வாங்கி ஹவுசிங் எஸ்டேட் ஆக்கினார். மூன்று முறையும் அதே சொல், எதுவும் நடக்காதது போன்ற ஓட்டம். மலாயில் குடியிருப்புப் பகுதிக்குத் தாமான் என்று பெயர். மலேசியத் தமிழர் அதையே எடுத்துக்கொண்டார்கள். தாமான் என்ற சொல்லுக்கும் பூங்கா, தோட்டம் என்றுதான் பொருள். தோட்டத்திலிருந்து தாமானுக்குப் போனோம் என்று ஒரு குடும்பம் சொல்லும்போது, அகராதிப்படி பார்த்தால் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு, எஸ்டேட்டிலிருந்து எஸ்டேட்டுக்குத்தான் போயிருக்கிறது. ஒத்த பொருள் தரும் சொற்களை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக வைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடையாது.

இதற்கு மறுமொழி சொல்பவர்கள் உண்டு. எந்த மொழியிலும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கும், இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதானே என்பது முதல் கேள்வி. தமிழில் அடி என்றால் பாதம், பாட்டின் வரி, நீள அளவு, மரத்தின் கீழ்ப்பகுதி, பிரம்பு கொடுப்பது, இத்தனையும் ஆகும், யாரும் குழம்புவதில்லை. உண்மைதான். ஆனால் அடியின் எல்லாப் பொருளும் தமிழ் பேசும் எல்லார் கையிலும் இருக்கிறது. எஸ்டேட்டின் பொருள்கள் அப்படிப் பொதுவில் கிடக்கவில்லை. துரைக்கு எல்லாப் பொருளும் தெரியும், கிராணிக்கு இரண்டு தெரியும், மரம் சீவியவருக்கு ஒன்று தெரியும். இடத்தைப் பார்த்துப் பொருளைக் கண்டுகொள்ள அந்தப் பொருள் ஒன்று இருப்பதாவது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. சொல்லா நிலத்தைப் பறித்தது? சட்டமும் பணமும்தானே? காணி என்று அழைத்திருந்தால் மட்டும் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்குமா? கொடுத்திருக்காது. சொல்லுக்கு அந்த வல்லமை இருப்பதாக நான் வாதிடவில்லை. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிய, கேட்க வேண்டியதற்குப் பெயர் வேண்டும். இலங்கையில் எஸ்டேட் தமிழர், தோட்டக்காட்டார் என்று பிறர் வைத்த பெயர்களை மறுத்து, மலையகத் தமிழர் என்று ஒரு சமூகம் தன்னை அழைத்துக்கொண்டது. அந்தப் பெயர் மாற்றம் நிலத்தைத் தரவில்லை. நாங்கள் யாருடைய சொத்தின் பகுதியும் இல்லை, ஒரு நிலத்தின் மக்கள் என்ற எண்ணத்தைத் தந்தது. வீட்டுரிமையும் காணியுரிமையும் கேட்கும் குரல் அந்த எண்ணத்தோடு சேர்ந்தே வளர்ந்தது.

மூன்றாவதாக, தோட்டம் என்பது தவறு, பெருந்தோட்டம் என்றோ புதிதாக வேறொன்றோ எழுத வேண்டும் என்று சொல்லும் தூய்மையாளர்களும் உண்டு. அறிக்கையிலும் பாடநூலிலும் பெருந்தோட்டம் இருக்கட்டும், அங்கே அது தேவை. பேச்சில் தோட்டத்தை விட்டுவிடக்கூடாது. அந்தச் சொல்லுக்குள் நூறாண்டு வாழ்வு இருக்கிறது, யாரும் அகராதியிலிருந்து எடுத்துக் கொடுத்தது இல்லை. வேண்டியது ஒன்றுதான்: எஸ்டேட் என்று வரும் ஒவ்வொரு இடத்திலும், இங்கே யாருக்கு என்ன உரிமை என்று கேட்டுவிட்டுத் தமிழ்ச் சொல்லைத் தேர்வது. மரம் நிற்கும் இடமானால் தோட்டம், வீடுகள் நிற்கும் இடமானால் குடியிருப்பு, ஆலைகள் நிற்கும் இடமானால் தொழிற்பேட்டை. இறந்தவர் விட்டுச்சென்றது என்றால் மரபுச்சொத்து. அங்கே தோட்டம் என்ற நினைவே வரக்கூடாது. எஸ்டேட் டூட்டி என்று ஒரு வரி இருந்ததே, அது தோட்ட வரி இல்லை, மரணச் சொத்து வரி. இந்தியா 1985இலும் மலேசியா 1991 நவம்பர் 1இலும் அதை நீக்கின.

மரபுச்சொத்து என்ற பொருள் ஒவ்வொரு குடும்பத்தையும் தொடுவதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். கணவனோ மனைவியோ, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் உயிரோடு இருந்தால் துணைக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. பெற்றோர் இல்லையென்றால் துணைக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடு கிடையாது. மூத்த மகனுக்கே வீடு என்று பேசி முடிக்கும் குடும்பங்களில் மகள்களுக்கும் தாய்க்கும் பாட்டிக்கும் உள்ள இந்தப் பங்கு தெரியாமலே போய்விடுகிறது. நில அலுவலகத்தின் ஸ்மால் எஸ்டேட் என்ற பிரிவு நூறு ஏக்கருக்குக் குறைந்த தோட்டத்தைப் பற்றியது இல்லை. நிலமோ வீடோ அடங்கிய சொத்து குறிப்பிட்ட மதிப்புக்குள் இருந்தால், உயர் நீதிமன்றம் போகாமல் நில நிர்வாகத்திடமே மனுச்செய்து பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற வசதி அது. பல ஆண்டுகள் அந்த வரம்பு 2 மில்லியன் வெள்ளியாக இருந்து, பிறகு உயர்த்தப்பட்டது. பெயரில் 'சிறு' என்று இருந்தாலும் சாதாரணக் குடும்பம் ஒவ்வொன்றின் சொத்தும் அதற்குள் அடங்கும். அப்பா பெயரிலேயே வீட்டை விட்டுவைத்து, பிறகு அண்ணனும் இறந்து, பேரப்பிள்ளைகள் காலத்தில் கையெழுத்துக்கு ஆள் தேடும் நிலை வருமுன், அந்தச் சொல் நம்மைப் பற்றியதுதான் என்று தெரிந்திருப்பது நல்லது.

நாட்டிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலம் பேராக். பீடோர் தஹான் தோட்டப் பள்ளியைப் போல அவற்றில் பல இன்னும் லாடாங் என்ற சொல்லைப் பெயரில் தாங்குகின்றன. தோட்டம் மறைந்து பள்ளி மட்டும் இடம் மாறிய ஊர்களிலும் பெயர்ப்பலகையில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. அத்தகைய பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் பதிவேட்டைப் பாருங்கள். பள்ளியின் பெயரில் லாடாங், வீட்டு முகவரியில் தாமான். ஆங்கிலத்தில் இரண்டுமே எஸ்டேட். முதல் எஸ்டேட்டில் அவளுடைய பாட்டனும் பூட்டனும் ஆயிரம் ஏக்கர் பால்மரத்தை நட்டுச் சீவினார்கள், அவர்கள் பெயர் பெரட்டுக் கணக்கில் மட்டும் இருந்தது. இரண்டாவது எஸ்டேட்டில் இருபதுக்கு அறுபதடி மனையில் ஒரு வரிசை வீடு, 99 ஆண்டுக் குத்தகை, வங்கிக்குக் கடன் இன்னும் கட்டி முடியவில்லை. அதன் உரிமைப் பத்திரத்தில் அவளுடைய அம்மாவின் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்து இருக்கின்றன. அந்தக் குடும்பம் இந்த மண்ணில் பெற்ற முதல் காணி அதுதான்.